கீழே தண்ணிதான்

ஊசி இரண்டும் ஏறி, டேப் ஒட்டி, குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கியதும் எமல்டா செய்கிற முதல் காரியம், வலது கையால் சாப்பாட்டு டப்பாவை வயிற்றின்மேல் இழுத்து வைத்து அதில் போனைச் சாய்ப்பதுதான். இடது கை இனி மதியம்வரை அவளுடையது இல்லை. அது டயாலிசிஸ் இயந்திரத்தின் கை. முழங்கைக்குக் கீழே இரண்டு குழாய்கள், ஒன்றில் ரத்தம் போகிறது, இன்னொன்றில் திரும்பி வருகிறது, போவதும் வருவதும் ஒரே சிவப்பாகத்தான் தெரிகிறது, எதைக் கழுவினார்கள் என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. குழாய் தோலில் படுகிற இடத்தில் மட்டும் ஒரு கதகதப்பு. தன் ரத்தத்தின் சூடு தனக்கே வெளியிலிருந்து தெரிவது முதல் மாதங்களில் குமட்டலாக இருந்தது, இப்போது பூனைக்குட்டி ஒன்று கையோரம் படுத்திருக்கிற மாதிரி பழகிவிட்டது. "தண்ணி குடிச்சிருக்கீங்கக்கா," என்றாள் பேச்சியம்மாள், இந்த அறையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற பெண். "எடை சொல்லுதே." எமல்டா, "குடிக்கல. தர்பூசணி ஒரு துண்டு," என்றாள். "அது தண்ணியில்லாம வேற என்னது?" என்று சொல்லிவிட்டுப் பேச்சியம்மாள் அடுத்த கட்டிலுக்குப் போனாள். அது தண்ணீர்தான், தெரிந்துதான் தின்றாள், தின்னும்போது கண்ணை மூடிக்கொண்டாள், அந்தத் துண்டு நாக்கில் நொறுங்கி உள்ளே இறங்கும்போது முதுகுத்தண்டு முழுக்க ஒரு சிலிர்ப்பு ஓடியது, புருஷன் இருதயராஜ் பார்த்துவிட்டான், பார்த்தும் பேசாமல் தினத்தாளைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டான், நல்ல மனுஷன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், உயரத்திலிருந்து பார்த்துப் பார்த்துப் பார்க்காத மாதிரி இருக்கக் கற்றுக்கொண்டவன். போனில் கடல் திறந்துகொண்டது.

முதலில் எப்போதும் ஒரு படகின் அடிவயிறு தெரியும். மேலே வெளிச்சம் உடைந்து உடைந்து ஆடும். பிறகு மஞ்சள் துடுப்புக்கால் மாட்டிய ஒரு சின்னப் பெண் களுக்கென்று உள்ளே விழுவாள். பாளையங்கோட்டையில் படிக்கிற மகள் ஷைனிதான் விடுமுறைக்கு வந்தபோது இதை ஏற்றிக் கொடுத்தாள், "சும்மா சுவத்தையே பாத்துக்கிட்டுப் படுத்துக் கிடக்காதம்மா, இதுல ஒண்ணும் சுட வேண்டாம், கொல்ல வேண்டாம், நீந்திக்கிட்டே போனாப் போதும்," என்றாள். இரண்டு கட்டைவிரல் வேண்டிய விளையாட்டு, ஒன்று நீந்த, ஒன்று திரும்ப. எமல்டாவுக்கு இருப்பது ஒரு கை. அதனால் திரையில் அந்தப் பெண் நேராக நீந்துவாள், நிற்பாள், திரும்புவாள், மறுபடி நேராக நீந்துவாள், தெரியாத ஊரில் முக்குக்கு முக்கு நின்று வழி கேட்டுப் போகிறவள் போல. மீன்களுக்கு அதில் வருத்தமில்லை. வாய் கூம்பிய கோடு போட்ட மீன்கள், தட்டு மாதிரி திருக்கை, பவளப்பாறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து உள்ளே போய்விடுகிற ஏதோ ஒன்று. எத்தனை தண்ணீர். கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர், மேலே தண்ணீர், கீழே தண்ணீர், பக்கத்தில் தண்ணீர், இவள் ஒரு நாளைக்கு ஒரு சின்னப் பாட்டிலில் ஊற்றி வைத்து அதிலிருந்து மாத்திரைக்கு ஒரு வாய், சோற்றுக்கு ஒரு வாய் என்று எடுத்துக்கொண்டு மீதியைச் சாயங்காலத்துக்கு ஒளித்து வைக்கிறவள். உதட்டை நக்கினாள். உப்புக் கரித்தது. திரையின் மேல் ஓரத்தில் ஒரு நீலக்கோடு, அதுதான் காற்று, அது குறைந்துகொண்டே வரும், சிவப்பாக ஆவதற்குள் மேலே வந்துவிட வேண்டும், வராவிட்டால் திரை மெல்ல இருண்டு, அந்தப் பெண் கையைக் காலை விரித்தபடி மிதப்பாள், அப்புறம் மறுபடி படகு, மறுபடி களுக். சாவு அவ்வளவுதான். இங்கே அப்படியில்லை. இங்கே குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி போனால் இயந்திரம் கத்தும், பேச்சியம்மாள் ஓடி வருவாள், முதன்முதல் அது கத்திய அன்று எமல்டா மாதாவே மாதாவே என்று அலறியதில் பக்கத்துக் கட்டில் பெரியவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அங்கே காற்று தீர்ந்தால் சாவு, இங்கே காற்று வந்தால் சாவு. கோடு பாதிக்கு வந்திருந்தது. பெண்ணை மேலே திருப்பினாள், நீந்தவிட்டாள். இன்றைக்கு டாக்டர் அம்மா வருவார்கள். இன்றைக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த நினைப்பைப் பார்க்காத மாதிரி பெண்ணை மறுபடி கீழே திருப்பினாள்.

கீழே, கீழே. வெளிச்சம் கம்மியாகிற இடம் அவளுக்குப் பிடிக்கும். கடல் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது, இந்த ஜன்னலைத் திறந்தால் வாடை வரும், திறக்க மாட்டார்கள், ஏசி போய்விடும். பிறந்த வீடு அதைவிடக் கிட்ட, அலை புரளுகிற சத்தத்தில்தான் பால் குடித்திருக்கிறாள், ஆனாலும் இந்த நாற்பத்தைந்து வயதுக்குள் கடல்மேல் அவள் ஒரு நாள் போனதில்லை, கடலுக்குள் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. பொம்பளை வள்ளத்தில் ஏறக் கூடாது. யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் ஏறக் கூடாது. ஏறினாள் ஒரு தடவை, எட்டோ ஒன்பதோ வயது, விடிகிறதுக்கு முன்னால் போய் வலைக்கு அடியில் சுருண்டுகொண்டாள், வலையின் ஈரம் கன்னத்தில், தாரும் மீன்செதிலும் கலந்த வாடை, ஆண்கள் பேசிக்கொண்டே வருகிறார்கள், வள்ளம் அசைகிறது, அசைந்துவிட்டது, அடியில் மணல் உரசி விடுபட்ட அந்தக் கணத்தை வயிற்றில் உணர்ந்தாள், இன்றைக்கும் உணர முடிகிறது, பாரம் நீங்கிய மாதிரி ஒரு மிதப்பு. அப்புறம் யாரோ வலையைத் தூக்கினார்கள். அப்பா அடிக்கவில்லை. அடித்திருந்தால் மறந்து போயிருக்கும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கி முழங்கால் தண்ணீரில் இறக்கி நிறுத்திவிட்டு, ஒன்றும் பேசாமல், ஆளனுப்பிக் கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவரச் சொன்னார். வள்ளம் முழுக்கத் தெளித்தார்கள். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள், குதிகாலுக்கு அடியில் மணல் அரித்து அரித்து ஓடிக்கொண்டிருந்தது, நான் அதில் எதை விட்டுவிட்டு வந்தேன், எதை இப்படிக் கழுவுகிறார்கள் என்று யோசித்துக்கொண்டு நின்றாள். பிறகு கடல் அவளிடம் வந்தது தலையில்லாத இறாலாகத்தான். இறால் கம்பெனியில் இத்தனை வருடம், ஐஸ் தண்ணீரில் கையைவிட்டு ஓடு உரித்து உரித்து, விரல் வெளுத்து. தம்பி கிளாட்வினை மட்டும் பதின்மூன்று வயதில் அழைத்துக்கொண்டு போனார்கள். அவன் சங்கு குளிக்கப் போகிறவர்களோடு சேர்ந்துகொண்டான். முதல் நாள் கரையேறி வந்தபோது அவள் ஓடிப் போய்க் கையைப் பிடித்துக் கேட்டாள், "ஏல, கீழ என்னல இருக்கு?" அவன் காதில் புகுந்திருந்த தண்ணீரை ஒற்றைக் காலில் குதித்து உதறிக்கொண்டே சொன்னான், "தண்ணி." அவ்வளவுதான். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள், கல்யாணமான பிறகும் கேட்டிருக்கிறாள், ஷைனி பிறந்து படுத்திருந்தபோது பார்க்க வந்தவனிடம்கூடக் கேட்டாள், பதில் மாறவில்லை, "தண்ணிதான்க்கா." வைத்துக்கொண்டு கொடுக்காதவன் மாதிரி. கோடு சிவப்பாகிவிட்டிருந்தது, கவனிக்கவில்லை. திரை இருண்டது. பெண் மிதந்தாள்.

களுக். வைத்துக்கொண்டு கொடுக்காதவன். இப்போது தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கிறேன் என்கிறான். ரத்த வகை சேர்ந்துவிட்டது, எல்லாப் பரிசோதனையும் முடிந்துவிட்டது, மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் செய்வார்கள், உடன்பிறந்தவன் என்பதால் சட்டப்படியும் சிக்கல் இல்லை, எல்லாம் சேர்ந்துவிட்டது, இவளிடமிருந்து ஒரு வார்த்தை மட்டும் சேரவில்லை. எடுத்த பிறகு அவன் கடலுக்கடியில் போகலாமா என்று எமல்டாதான் கேட்டாள், வேறு யாருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. டாக்டர் அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "படகுல போகலாம். ஆனா ஆழத்துல இறங்குறது, மூச்சடக்குறது, பாரம் தூக்குறது, எங்கிட்ட கேட்டா நான் போகச் சொல்ல மாட்டேன்," என்றார். அந்த இடத்தில்தான் நூல் சிக்கிக்கொண்டது. அதற்கப்புறம் டாக்டர் எப்போது கேட்டாலும் "பாக்கலாம் டாக்டர்" என்கிறாள். என்ன பார்க்கலாம்? எதைப் பார்க்கலாம்? அவனுடைய கடலை எடுத்துக்கொண்டு நான் தண்ணீர் குடிக்கப் போகிறேனா. ஒரு செம்பு தண்ணீர், அண்ணாந்து, கழுத்தில் வழிய வழிய, நிறுத்தாமல். நினைத்ததும் தொண்டை தானாக ஒரு விழுங்கு விழுங்கியது, ஒன்றும் இல்லாததை. அதற்காகவா? அதற்காக இல்லை, ஷைனி இருக்கிறாள், இருதயராஜ் இருக்கிறான், உயிரோடு இருப்பதற்காக. இல்லை, அதற்காகவும்தான். பொய் சொல்லாதே எமல்டா. பெண்ணைக் கீழே விட்டாள், முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக, பாறையைத் தாண்டி, உடைந்து கிடக்கிற கப்பலைத் தாண்டி, அதற்கும் அப்பால் ஒரு பெரிய நீல இருட்டு, அதை நோக்கிப் போனால் ஓர் இடத்தில் பெண் நின்றுவிடுவாள், கை காலை ஆட்டுவாள், நகர மாட்டாள். சுவர் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. விளையாட்டைச் செய்தவர்கள் அதற்குமேல் செய்யவில்லை, அவ்வளவுதான், ஷைனி சொல்லியிருக்கிறாள். ஆனாலும் தினம் ஒரு தடவை அங்கே போய் முட்டிப் பார்க்காமல் எமல்டாவால் இருக்க முடியவில்லை. பெண் அங்கே நின்று துடுப்புக்காலை அடித்துக்கொண்டே இருந்தாள்.

"என்னத்தக்கா பாக்க?" நிமிர்ந்தாள். கிளாட்வின். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தான், உட்காரும்போதே அந்த வாடையும் வந்து உட்கார்ந்தது, சோப்பு போட்டுக் குளித்தாலும் போகாத வாடை. "கடலுக்குப் போகலயால?" என்றாள். "காத்து சரியில்ல." பிறகு, "மச்சான் போன் பண்ணாக. இன்னைக்கு டாக்டர் கேப்பாங்களாமே." அவன் போனையே பார்த்தான். அவன் பார்க்கிறான் என்றதும் அவளுக்கு வெட்கமாகிவிட்டது, சமையல்காரனுக்கு முன்னால் சொப்புச் சாமானில் சோறு பொங்கிக்கொண்டிருக்கிற மாதிரி. மூடப் போனாள். "இரு, இரு. முங்குற விளையாட்டா? குடு." இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அந்தக் கட்டைவிரல்கள், நகத்தின் ஓரம் வெடித்து, சங்கு கிழித்த பழைய கோடுகளோடு, அந்தச் சின்னக் கண்ணாடியின்மேல் அபத்தமாக இருந்தன. பெண்ணை எடுத்த எடுப்பில் தலைகீழாகக் கவிழ்த்து நேரே அடிக்கு விட்டான். எமல்டா இத்தனை நாளில் அவள் அவ்வளவு அழகாக நீந்திப் பார்த்ததில்லை. வளைந்து வளைந்து, நிற்காமல், பாறையைச் சுற்றி, மீன்கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு. "ஏல, மேல பாரு, கோட்டப் பாரு," என்றாள். "எந்தக் கோடு?" "காத்துக் கோடுல! செவப்பாயிட்டு, மேல வா, மேல வா!" அவன் திரையில் எங்கெங்கோ தேடினான், அதற்குள் இருண்டுவிட்டது. பெண் கையைக் காலை விரித்து மிதந்தாள். கிளாட்வின் திகைத்துப் போய்ப் பார்த்தான். "செத்துட்டாளா?" "நீதான் கொன்ன. இருபத்தஞ்சு வருஷமா முங்குற, இதுல ஒரு நிமிசம் உசுரோட இருக்கத் தெரியல." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை, சிரித்ததில் இடது கை அசைந்து இயந்திரம் கீச்சென்று கத்தியது, பேச்சியம்மாள் வந்து பொத்தானை அமுக்கிவிட்டு, "கையை ஆட்டக் கூடாதுக்கா, அண்ணே நீங்களும் சிரிப்பு காட்டாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். கிளாட்வின் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எங்களுக்குக் கோடா போட்டு வச்சிருக்கு? இங்கல்லா தெரியும்." நெஞ்சுக்குழியைத் தொட்டுக் காட்டினான். "முதல்ல இங்க ஒரு தட்டு தட்டும். அப்ப ஒண்ணும் பயமில்ல. ரெண்டாவது தட்டுனா திரும்பிரணும்."

அவன் மறுபடி போனைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். "இது சரியில்ல. இப்படியா இருக்கும் தண்ணி? இப்படி நீலமா?" எமல்டா மூச்சை அடக்கிக்கொண்டாள். கேட்கக் கூடாது, கேட்டால் தண்ணிதான் என்று சொல்லி மூடிவிடுவான், இந்தச் சமயத்தில் வாயைத் திறக்கக் கூடாது. "பச்சைக்கா. கலங்கின பச்சை. நல்லாத் தெளிஞ்ச நாள்ல கண்ணாடிப் பாட்டில் பச்சை. கீழ போகப் போகச் செவப்பு கிடையாது. கையில சங்கு கிழிச்சு ரத்தம் வருமா, கறுப்பாத்தான் வரும், புகை மாதிரி. மேல வந்து பாத்தாத்தான் செவப்பு." அவள் தன் கையோரக் குழாயைப் பார்த்தாள். "சத்தமே இல்லன்னு நெனப்பாக எல்லாரும். எண்ணெயில கடுகு பொரியிற மாதிரி எந்நேரமும் பொரிஞ்சுக்கிட்டே கெடக்கும், பாறையில இருக்க எறாப் பயல்க போடுற சத்தம். அப்புறம் குளிரு, கோடு கிழிச்ச மாதிரி இருக்கும், இடுப்புக்கு மேல வெதுவெதுன்னு, இடுப்புக்குக் கீழ ஐஸு. கையைக் கீழ விட்டா குளிரைத் தொடலாம்." கையை நீட்டி அந்தரத்தில் தொட்டுக் காட்டினான். "மணல்ல சங்கு நகந்து போன தடம் இருக்கும். கோலம் போடப்போற பிள்ள ஒத்த விரலால இழுத்துவிட்ட மாதிரி. அதைப் பிடிச்சே போனா, முடியிற இடத்துல மணலுக்குள்ள அது இருக்கும்." அவன் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. இருபத்தைந்து வருடமாக அவன் உள்ளே பூட்டி வைத்திருந்ததெல்லாம் ஒரு பொம்மைக் கடலைப் பார்த்த கோபத்தில் கொட்டுகிறது. கொட்டட்டும். அவள் குடித்தாள். பச்சையை, பொரிகிற சத்தத்தை, அந்தக் குளிரின் கோட்டை. இன்னும், இன்னும். அதே நேரம் உள்ளே எதுவோ சுருங்கியது. இதை இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறவனிடமிருந்தா நான் இதை எடுக்கப் போகிறேன்? "இதையெல்லாம் ஏன்ல இத்தனை நாளு சொல்லல? தண்ணி, தண்ணின்னே சொன்ன." கிளாட்வின் போனை டப்பாவின்மேல் திரும்பச் சாய்த்து வைத்தான். "ஒன்ன எறக்கிவிட்டு வள்ளத்தக் கழுவுனாங்கல்லா. நான் கரையில அம்மா இடுப்புல இருந்தேன். எனக்கு ஞாபகம் இருக்கு. நான் மட்டும் போயிட்டு வந்து, அது அப்படி இருக்கு இது இப்படி இருக்குன்னு ஒங்கிட்ட என்னன்னு சொல்ல?"

கெண்டைக்காலில் நரம்பு சுண்டி இழுக்க ஆரம்பித்தது, தண்ணீரை உறிஞ்சி எடுக்க எடுக்க இப்படித்தான் இழுக்கும், அவன் பார்த்துவிட்டுச் சொல்லாமலே காலைப் பிடித்து அமுக்கிவிட்டான். அமுக்கிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், "எனக்குப் போதும்க்கா," என்றான். "எது?" "கடலு. போன வருசம் முயல்தீவுக்கு வெளிய ஒரு தடத்தப் பிடிச்சுப் போய்க்கிட்டு இருந்தேன். நல்ல தடம். திடீர்னு மேல எது கீழ எதுன்னு தெரியல. சுத்திலும் ஒரே பச்சை. மூச்ச விட்டா குமிழி எந்தப் பக்கம் போவுதோ அதான் மேல, சின்னப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கு அது மறந்துபோச்சு. நெஞ்சுல ரெண்டாவது தட்டும் தட்டிட்டு. எப்படி வந்தேன்னு தெரியல. வள்ளத்துல ஏத்திப் போட்டாங்க. காலு பிடிச்சிட்டுன்னு சொல்லிட்டேன்." கையை மாற்றி அடுத்த காலை அமுக்கினான். "அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் குதிக்கிறதுக்கு முன்னால எக்கி எக்கி வாந்தி வருது. பயந்து நின்னுட்டான்னு சொன்னா சிரிப்பானுவ. அக்காவுக்குக் கொடுத்தேன், டாக்டர் போகக் கூடாதுன்னுட்டாங்கன்னா எவனும் சிரிக்க மாட்டான். கரைவலைக்குப் போவேன், எஞ்சின் வேலை பாப்பேன். எனக்கும் ஒரு சாக்கு வேணும்லா." சொல்லிவிட்டு, வெளியே போய் மச்சானுக்குப் போன் பண்ணிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனான்.

திரையில் பெண் படகுக்கு அடியில் காத்துக்கொண்டிருந்தாள். எமல்டா தொடவில்லை. நிஜமா? நிஜமாகத்தான் இருக்க வேண்டும், பொய்யென்றால் குமிழி மறந்துபோனது எப்படி வரும், அதையெல்லாம் உட்கார்ந்து யோசித்துச் செய்ய முடியுமா, அவன் பொய் சொன்னால் ஒரு வார்த்தையில் சொல்கிறவன், சின்ன வயதிலிருந்தே அப்படி, தண்ணி என்றானே அந்த மாதிரி. இன்றைக்கு இவ்வளவு சொல்லியிருக்கிறான், அப்படியென்றால் நிஜம். இல்லை, இவ்வளவு சொல்லியிருக்கிறான் என்பதால்தான் பொய், வரும் வழியில் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறான், அக்காவுக்கு என்ன சொன்னால் மனசு ஆறும் என்று. போன மாதம் கோயிலில் அவன் பெண்டாட்டி ஜெனோவா, முக்காட்டைச் சரிசெய்துகொண்டே, "அவுக பாட்டுப் பாடிக்கிட்டேதான் கடலுக்குப் போறாக மைனி," என்றாளே. வாந்தி எடுக்கிறவனா பாட்டுப் பாடுவான்? ஆனால் ஜெனோவா எதற்கு அதைச் சொன்னாள், அன்றைக்கு, குறிப்பாக என்னிடம்? நான் வேண்டாம் என்று சொல்லட்டும் என்றுதானே. சொல்லட்டும் என்று நினைப்பதில் என்ன தப்பு, அவள் புருஷன். அப்படியென்றால் பாட்டு பொய், வாந்தி நிஜம். அல்லது பாட்டும் நிஜம், பயத்தை மறைக்கத்தான் பாட்டு. அல்லது. சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தாள், கண்ணுக்குத் தெரியாத அந்தச் சுவரில் முட்டி முட்டி. அவன் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் நின்ற அந்தப் பச்சையை நினைத்துப் பார்த்தாள், குலை நடுங்கியது, என் தம்பி, என் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை, அங்கே தனியாக. நடுக்கத்துக்கு அடியிலேயே இன்னொன்றும் இருந்தது, அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை. பொறாமை. அந்தப் பயம்கூட அவனுக்குத்தான் கிடைத்தது. அதையும் நான் அனுபவிக்கவில்லை. சீ என்று தன்னையே சொல்லிக்கொண்டாள். சீ என்றாலும் அது போகவில்லை, உட்கார்ந்திருந்தது.

எல்லாவற்றையும் விலக்கிவிட்டுப் பார்த்தால் என்ன மிஞ்சுகிறது? அவன் சொன்னது நிஜம் என்றால் நான் சம்மதிக்கலாம். பொய் என்றால் சம்மதிக்கக் கூடாது. அப்படித்தானே இத்தனை நேரமும் தராசைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய் எமல்டா. ஆனால் பொய் என்று யாராவது சத்தியம் பண்ணிச் சொன்னால், மாதா மேல் ஆணையாக அவன் கடலுக்காக உயிரை விடுகிறவன் என்று சொன்னால், அப்போது நீ வேண்டாம் என்பாயா? யோசித்தாள். இயந்திரத்தின் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. வேண்டாம் என்பது அவளுக்குப் பழக்கமான வார்த்தை. எனக்கு வேண்டாம், பிள்ளைக்கு வை. எனக்கு வேண்டாம், நீங்க போயிட்டு வாங்க. வள்ளத்திலிருந்து இறக்கிவிட்ட பிறகு அம்மா, அழாதே, உனக்கு எதற்கு அதெல்லாம் என்றபோதும், எனக்கு வேண்டாம் என்றுதான் சொன்னாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அந்த வார்த்தை வாய்க்குள் கூழாங்கல் மாதிரி வழவழத்துப் போய்க் கிடந்தது. இப்போது அதை நாக்கால் புரட்டிப் பார்த்தாள், அது வரவில்லை. ஷைனிக்கு மாப்பிள்ளை பார்க்கிற நாளில் எழுந்து நடமாட வேண்டும். இருதயராஜோடு சண்டை போட வேண்டும். வயிறு முட்டக் குடிக்க வேண்டும். என்றைக்காவது ஒரு நாள் யார் தீர்த்தம் தெளித்தாலும் தெளிக்காவிட்டாலும் ஒரு வள்ளத்தில் ஏறி உட்கார்ந்து பார்க்க வேண்டும். நிஜமோ பொய்யோ. தம்பியின் கடலைப் பிடுங்கிக்கொண்டாவது. அந்த நினைப்பு வந்ததும் பயந்து போனாள், யாராவது கேட்டிருப்பார்களோ என்பது போலப் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். பெரியவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

டாக்டர் அம்மா வந்தபோது கிளாட்வினும் பின்னாலேயே வந்து கால்மாட்டில் நின்றான். டாக்டர் கட்டிலில் தொங்குகிற அட்டையைப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், தண்ணீர் எவ்வளவு எடுத்திருக்கிறது என்று பேச்சியம்மாளிடம் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "மதுரையில தேதி கேக்கறாங்க எமல்டா. நீங்க பாக்கலாம், பாக்கலாம்னே சொல்லிட்டு இருக்கீங்க. தம்பி ரெடியா இருக்கார். நீங்க சொல்லுங்க," என்றார். எமல்டா தம்பியைப் பார்த்தாள். அவன் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாக, சொல்லுக்கா, சொல்லு என்று தலையை ஆட்டினான். ஒரு தடவை கேட்டுவிடலாம், டாக்டருக்கு முன்னால், நீ சொன்னது நிஜமா என்று. கேட்டால் நிஜம் என்பான். கேட்க வேண்டாம். கேட்டு அவனை இன்னொரு தடவை சொல்ல வைக்க வேண்டாம்.

"எனக்கு வேணும் டாக்டர்," என்றாள். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது, பெரியவர் விழித்துக்கொண்டார். "எனக்கு வேணும்." டாக்டர் அவள் தோளில் தட்டி, "நல்லது, நல்லது," என்றார், தேதி தெரிந்ததும் சொல்வதாகச் சொல்லி, "ரெண்டு பேரும் நல்லா சாப்பிட்டு உடம்பப் பாத்துக்கோங்க," என்று கிளாட்வினிடமும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். பேச்சியம்மாள் ஊசியை எடுக்கக் கையுறைகளை மாட்டிக்கொண்டு வந்தாள். "அப்போ கிளம்பலாம்க்கா, நான் செருப்ப எடுத்துட்டு வாரேன், ஆட்டோ பாக்கணும்," என்று கிளாட்வின் சட்டென்று குனிந்து கட்டிலுக்கு அடியில் தேட ஆரம்பித்தான். "இங்கனதான் கழட்டிப் போட்டேன்," என்று அடியிலிருந்து குரல் வந்தது. அவனுடைய முதுகு மட்டும் தெரிந்தது. செருப்பை வெளிவாசலில் கழற்றிவிட்டுத்தான் இந்த அறைக்குள் யாரையும் விடுவார்கள், அது அவனுக்கும் தெரியும். பேச்சியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எமல்டா வேண்டாம் என்று தலையசைத்தாள். சும்மா இருந்த வலது கையை இறக்கி அவன் முதுகின்மேல் வைத்தாள், சட்டைக்கு அடியில் முதுகு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, அவசரமில்லை, அவன் தேடி முடிக்கட்டும் என்று அப்படியே வைத்திருந்தாள்.